அரைப்புள்ளி

"வரியே இல்லாத ஊர்ல உக்காந்து வரிக்கு யோசனை சொல்லுறியாமே, அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறானா?" என்று ஒவ்வொரு முறை நான் லீவில் வரும்போதும் அப்பா கேட்பார். அவர் பெயர் முத்தரசு. கல்லலில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஓர் உரக்கடையும் உண்டு. வீட்டு வரி, தண்ணீர் வரி, ஜி.எஸ்.டி. என்று மூன்று பக்கமும் வரி கட்டிப் பழகிய மனுஷர். மகள் துபாயில் செய்வது ஏதோ நாசூக்கான பித்தலாட்டம் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அப்படி இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, உண்மைதான். ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போய்ச் சம்பாதிக்கிறவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது. வேலை போனால் விசாவும் போகும். இருபது வருடம் இருந்தாலும் அது வாடகை வீடு மாதிரிதான், என்றைக்காவது காலி செய்ய வேண்டும். அதனால் சேர்த்த பணத்தை எந்த நாட்டில் வைப்பது, எந்த நாட்டு வரிக்குள் போய் விழுவது என்றெல்லாம் யோசித்தாக வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கடைசியில் எந்த ஊர்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மீதி வெறும் கூட்டல் கழித்தல். முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பதில்தான் வராது. வீடு கனடாவில், பிள்ளை ஆஸ்திரேலியாவில், மனசு கும்பகோணத்தில் என்று இழுப்பார்கள்.

எனக்கு அடுத்தவர் பணத்தின் மேல் ஆசை கிடையாது. அந்தப் பணம் ஏன் அந்த இடத்தில் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான். அது ஒரு வியாதி. அந்த வியாதிதான் என்னைப் போன மாசியில் செட்டிநாட்டு நகரத்தார் கூடிப் பேசுகிற ஒரு நகர விடுதியின் வாசல் ஓரத்து நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

என் வாடிக்கையாளர் மீனலோசனி ஆச்சி. ஐம்பதை நெருங்குகிறவர். கணவர் சத்தியமூர்த்தி துபாயில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி நடத்தினார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. உயில் பதிந்து வைத்திருக்கவில்லை. வங்கிக் கணக்குகள் முடங்கின. தொழிலாளிகளுக்குச் சம்பளம் போட, ஆச்சி தன் நகையை அடகு வைத்தார். கோர்ட்டுக் காகிதம் கைக்கு வரப் பல மாதம் ஆனது. அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார். வந்து உட்கார்ந்ததும், "நான் செத்தா எம்மக கிருத்திகா இந்தப் பாடு படக்கூடாது. என்ன செய்யணும்னு சொல்லு, செய்யுறேன்" என்றார். சொன்னதையெல்லாம் செய்தார். உயில், காப்பீடு, மகள் படிப்புக்கு ஒதுக்கீடு எல்லாம் முடிந்தது. கம்பெனியையும் முன்னைவிடப் பெரிதாக்கிவிட்டார். 'கடைசியில் எந்த ஊர்' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. "தெரியலை. அதை விடு" என்பார். மூன்று வருடமாக அது காலியாகவே கிடந்தது.

இந்த வருடம் அவருடைய சேமிப்பை ஒரு வெளிநாட்டு வங்கியின் முதலீட்டுக் கணக்கில் போட ஏற்பாடு செய்தேன். அந்த வங்கியில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதில் ஒன்று, வேறு எந்த இடத்திலாவது வரி கட்டுகிறீர்களா என்பது. எல்லோரும் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆச்சி எழுதியிருந்தது: "ஆம். அரை."

வங்கியில் கணக்குகளைச் சரிபார்க்கும் பையன் என்னைக் கூப்பிட்டு, அரை என்றால் அரை சதவீதமா, எந்த நாட்டுக்கு, வரி எண் என்ன என்று கேட்டான். பதில் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் விண்ணப்பத்தை மூடிவிடுவோம் என்றும் சொன்னான். நான் அப்போது லீவில் கல்லலில் இருந்தேன். ஆச்சிக்குப் போன் போட்டேன்.

"என்ன ஆச்சி, அரைன்னு எழுதி வச்சிருக்கீக?"

"வரி கட்டுறியான்னு கேட்டான். கட்டுறேன். அதான் எழுதினேன்."

"எதுல அரை?"

"புள்ளியில அரை."

பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் நகரத்தார் வீட்டுக் கணக்கு எனக்கு முழுசாகத் தெரியாது. ஆச்சி விளக்கினார். அவர்கள் ஊர்க் கோவிலின் செலவை ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக் கட்டுவார்கள். கல்யாணம் ஆன ஒரு குடும்பம் ஒரு புள்ளி. பர்மாவில் இருந்தாலும் பாரிசில் இருந்தாலும் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வந்துவிடும். கணவன் இறந்துபோனால், அந்த ஊர் வழக்கப்படி, அந்தப் பெண் அரைப்புள்ளி. வரியும் பாதி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உலகத்தில் உள்ள வரியையெல்லாம் தட்டிக் கழிக்க எங்கள் ஆபீசில் ஒரு மாடி முழுக்க ஆள் போட்டிருக்கிறோம். இந்த அம்மா யாரும் கேட்காத வரியைத் தானாக வந்து ஒப்புக்கொள்கிறார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக ஒரு வழியும் உடனே தோன்றியது. "ஆச்சி, அது வரியே இல்லை, நன்கொடைன்னு கோவில்ல ஒரு கடுதாசி வாங்கிட்டா வேலை முடிஞ்சுது" என்றேன்.

"கோவில் மாசிக் கூட்டத்துக்கு நானே வாறேன். நீயும் வா. வந்து கேட்டு வாங்கிக்க" என்றார்.

அவருடைய ஊர் நெற்குப்பைக்குப் பக்கம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் கோவிலை நிர்வகிக்கிற காரியக்காரர்கள் என் அப்பா கடைக்கே வந்துவிடுவார்கள். ஆச்சியின் மாமனார் வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து ஒரு ஓட்டல்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கித் தூண்களைத் தடவிப் பார்க்கிற இடம். ஆச்சி அதே வீட்டில் வாடகை கொடுத்து ஓர் அறையில் தங்கினார். வரவேற்பில் இருந்த பெண், "வீட்டுக்காரவுகளுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு ஆச்சி" என்றாள்.

"தள்ளுபடியெல்லாம் வேணாம். முழுசாப் போடு."

அப்போது அது பணக்காரத் தோரணை என்று நினைத்தேன்.

மறுநாள் கூட்டத்துக்கு முன்பே தலைமைக் காரியக்காரர் கார்த்திகேய சிவத்தைப் பார்த்தோம். அறுபது வயது, காரைக்குடியில் டைல்ஸ் கடை, வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாத ஆள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "இதுக்கென்ன, ஆச்சிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்?" என்று சொல்லி, மீனலோசனி ஆச்சி கோவிலுக்கு விருப்பப்பட்டுக் கொடுப்பது நன்கொடையே என்று தட்டச்சு செய்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். என் வேலை முடிந்தது. காபியும் வந்தது.

ஆச்சி கடிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். மடித்து அவரிடமே நீட்டினார்.

"இது வேணாம்."

"ஏன் ஆச்சி, எழுத்துப் பிழை ஏதும் இருக்கா?"

"நன்கொடை யார் வேணும்னாலும் குடுக்கலாம். இந்தா, இந்தக் கல்லல் பொண்ணு குடுக்கலாம். ஓட்டல்ல தங்கியிருக்கானே பிரான்சுக்காரன், அவன் குடுக்கலாம். வரி அந்த ஊர்க்காரவுகதான் கட்ட முடியும். நன்கொடைன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, நான் எந்த ஊர்?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் காரியம் முடிந்துவிடும் என்று வந்தவள் நான். அந்த ஒரு சொல்லில் அவர் இத்தனை காலம் நின்றுகொண்டிருந்தது எனக்கு எங்கே தெரிந்தது!

"அப்ப எப்படி எழுதணும் ஆச்சி?" என்று கார்த்திகேய சிவம் கேட்டார். கோபமாக அல்ல, நிஜமாகவே கேட்டார்.

"கூட்டத்துல சொல்லுறேன்."

நகர விடுதியின் நீளக் கூடத்தில் ஆண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி நேராக உள்ளே போனதும் பேச்சு நின்றது. யாரோ எழுந்து நாற்காலி போட்டார்கள். நான் வெளியாள், வாசல் ஓரத்தில் உட்கார்ந்தேன். கூடத்தின் கோடியில் தேங்காய்கள் குவிந்திருந்தன. கூட்டம் முடிந்ததும் புள்ளிக்கு ஒரு தேங்காய் பிரசாதமாகக் கொடுப்பார்களாம். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில், உடைத்த மூடிகள் தனியாக இருந்தன. அவை யாருக்கு என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

வரவு செலவு படித்து முடித்தபின் ஆச்சி எழுந்தார்.

"அவுக தவறின வருசம் இந்தக் கூட்டத்துக்கு நான் வர முடியலை. எம் பங்குக்கு ஒரு மூடியைக் குடுத்தீக. அதைச் சொந்தக்காரவுக வாங்கி, படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினாக. துபாய்ல என் ஆபீசுல உக்காந்து பாத்தேன். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நான் பாதின்னு. அதுவரைக்கும் அவுக போயிட்டாகன்னு மட்டும்தான் தெரியும்." குரல் தடுமாறவில்லை. "நான் முழு வரி கட்டுறேன். என்னை ஒரு புள்ளின்னு எழுதுங்க."

கூடத்தில் சலசலப்பு. ஒரு பெரியவர், "ஆச்சி, அது உங்களைக் குறைச்சு வச்சதில்லை. சம்பாதிக்க ஆள் இல்லாத வீட்டுக்குப் பாரம் வேணாமுன்னு அந்தக் காலத்துல குடுத்த சலுகை" என்றார்.

"எனக்கு நாப்பது பேரு வேலை பாக்குறாக. எனக்கு எதுக்குச் சலுகை?"

மூலையில் இருந்த ஒருவர் சமரசத்துக்கு வந்தார். எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். "ஆச்சி ஆசைப்படுறாக. முழுப் பணத்தையும் வாங்கிக்குவோம். பாதியை வரியில வைப்போம், பாதியை நன்கொடையில வைப்போம். புள்ளி அரையாவே இருக்கட்டும். வழக்கமும் கெடாது."

பலர் தலையாட்டினார்கள். ஆச்சி தலையாட்டவில்லை. அரைக் கிணறு தாண்டச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தது ஆத்திரத்தில் அல்ல. சத்தியமாகச் சந்தேகத்தில்தான். ஒரு விதியைக் கேட்டால் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்ப்பது என் தொழில். கணவன் இறந்தால் என்ன என்று கேட்ட கையோடு, மனைவி இறந்தால் என்ன என்றும் கேட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம்.

"ஒரு சந்தேகம்" என்றேன் வாசலிலிருந்து. "வீட்டம்மா தவறிப்போயிட்டா, ஆம்பளைக்கும் அரைதானா?"

எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கார்த்திகேய சிவம் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி போய் ஏழு வருடம் ஆகிறது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"முழுசு" என்றார் அவர்.

"வழக்கம் அப்படித்தாங்க" என்றார் கணக்குப்பிள்ளை, அவசரமாக.

"வழக்கம் எனக்குத் தெரியும். ஏன்னு தெரியலை." அவர் பேனாவை மூடி வைத்தார். "கணக்குன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வரணும். ஆச்சி அரைன்னா நானும் அரைதான். அப்படியே எழுதிக்கங்க."

"நீங்க அரைன்னா எப்புடி? அரைப்புள்ளி காரியக்காரரா இருக்க முடியாதே!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"இருக்க முடியாதுதான். வேற ஆளைப் பாருங்க." கோவில் சாவிக்கொத்தை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கூடம் முழுக்கக் கேட்டது. வருடம் முழுவதும் கொத்தனாரோடும் சமையல்காரரோடும் மல்லுக்கட்டுகிற வேலை அது. அந்தச் சாவியை எடுக்க ஒரு கை நீளவில்லை.

சமரசக்காரர் மறுபடியும் ஆரம்பித்தார். "அதுக்கில்லை. உங்க நிலைமை வேற..."

"என்ன வேற?" கார்த்திகேய சிவம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "அவ போனதுலேர்ந்து வீட்டுக்குள்ள நான் அரைதான். காலையில ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிட்டு, ஒண்ணைத் திருப்பி உள்ள வைக்கிறேன். அது என் பாடு. ஆனா ஊருல ஒருத்தரும் என்னை அரைன்னு சொன்னதில்லை. சொல்லியிருந்தா தாங்கியிருக்க மாட்டேன். ஆச்சி நாலு வருசமாத் தாங்கியிருக்காக."

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை அழாதவர் அப்போதுதான் முந்தானையைத் தேடினார்.

அதற்குமேல் பேச்சு நீண்டது. நாளைக்கு எல்லா வீட்டிலும் கேட்பார்கள் என்றார் ஒருவர். கேட்கட்டுமே என்றார் இன்னொருவர். வசதி இல்லாதவர்களுக்குச் சலுகை வேண்டாமா என்ற நியாயமான கேள்வி வந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாதி வரி வேண்டுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆணோ பெண்ணோ, புள்ளி மட்டும் எல்லோருக்கும் முழுசு. 'இந்த வருடம் மட்டும், பார்க்கலாம்' என்று ஒரு வால் ஒட்டவும் மறக்கவில்லை. காரைக்குடிப் பக்கத்தில் எந்தப் புது விஷயமும் இந்த வாலோடுதான் பிறக்கும்.

கார்த்திகேய சிவம் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். எனக்குப் புதுக் கடிதம் எழுதினார். மீனலோசனி எங்கள் ஊரின் ஒரு புள்ளி, அவர் கட்டுவது புள்ளி வரி, இது அரசாங்க வரி அல்ல. கடிதமே மூன்று வரிதான். வங்கிப் பையனுக்கு அதுவே போதுமாயிருந்தது. முதலிலேயே உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலும் போதுமாயிருந்திருக்கும்.

தேங்காய் கொடுக்கும்போது கணக்குப்பிள்ளை பழக்கதோஷத்தில் தட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். பிறகு குவியலிலேயே பெரியதாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஆச்சி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் ஆடியது. சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் ஒரே விமானத்தில் திரும்பினோம். அப்பாதான் திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். பெட்டி போடும் இடத்தில் இருந்த பெண், பெட்டியில் தேங்காய் இருக்கிறதா என்று கேட்டாள். ஆச்சி பெருமையாக எடுத்துக் காட்டினார்.

"முழுத் தேங்காய் கொண்டு போகக்கூடாது மேடம். உடைச்சுத் தந்தீங்கன்னா பெட்டியில வச்சுக்கலாம்."

நான் பயந்துபோய் ஆச்சியைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடைச்சாத்தான் விடுவீகளா?"

"ஆமா மேடம். ரூல்ஸ்."

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "உங்கப்பா இன்னும் வெளியிலதான நிக்கிறாக? கூப்பிடு."

கண்ணாடிக் கதவுக்கு அங்குட்டு அப்பா ஓடிவந்தார். காவலர் பெரிய மனது பண்ணினார். ஆச்சி தடுப்புக் கம்பிக்கு மேலாகத் தேங்காயை நீட்டினார்.

"எங்க வீட்டுக்கா ஆச்சி? நல்லாப் பெருசா இருக்கே. நாளைக்குச் சட்னிக்கு ஆச்சு" என்றார் அப்பா.

"சட்னிக்கு இல்லை. நான் வர்ற வரைக்கும் உடைக்காம வச்சிருங்க. அது நான் வரி கட்டினதுக்கு ரசீது."

அப்பா என்னைப் பார்த்தார். வரியே இல்லாத ஊரில் என்னதான் நடக்கிறது என்ற அந்தப் பழைய சந்தேகம் அவர் முகத்தில் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. ஆனாலும் தேங்காயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விமானம் மேலே போனதும் நான் மடிக்கணினியைத் திறந்தேன். ஆச்சி எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கா?"

"எந்தக் கட்டம்?"

"கடைசியில எந்த ஊருன்னு கேப்பியே."

"காலியாத்தான் இருக்கு. நீங்கதான விடச் சொன்னீக. ஏன்னு கேட்டா ஒரு நாளும் சொன்னதில்லை."

"அரை ஆளா எந்த ஊருக்குத் திரும்பிப் போறது, சொல்லு?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இப்ப எழுதிக்க" என்று ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

எழுதிக்கொண்டேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்று முன்னாடியே சொல்லிவிட்டேன்.